வச்ச சோறு வச்ச இடத்துல

எந்த ஊர் கால்நடை கிளினிக்காக இருந்தாலும் சரி, சாயங்காலம் போய் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது: "சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்." பாமரேனியனை மடியில் வைத்திருக்கும் அம்மாவும் அதைத்தான் சொல்வார். பூனையைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி எடுத்து வந்திருக்கும் கல்லூரிப் பையனும் அதையேதான் சொல்வான். ஆனால் கைதேர்ந்த டாக்டர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. நாய்க்காரரிடம், "வேற என்னல்லாம் குடுக்கறீங்க?" என்பார். பூனைக்காரனிடம், "எத்தனை நாளா?" என்பார்.

இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள தூரம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. நாயின் அடம் பெரும்பாலும் நாம் பழக்கிவிட்டது. பூனையின் அடம் அதன் உடம்போடு வந்தது. நாயிடம் கொஞ்சம் கறாராக இருந்தால் வழிக்கு வந்துவிடும். "பசிச்சா தானா சாப்பிடும்" என்ற அதே வைத்தியத்தைப் பூனையிடம் காட்டினால் ஈரல் கெட்டு உயிருக்கே வினையாகும். செல்லப் பிராணிகளுக்கான யோசனை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறவற்றில் முக்கால்வாசி, இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகின்றன.

பிஸ்கட் கணக்கு

ஐந்து கிலோ எடையுள்ள பாமரேனியன் ஒன்று. வீட்டுக்குள்ளேயே வளர்கிறது, காலையும் மாலையும் தெருமுனை வரை ஒரு நடை. அதற்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 350 கலோரி. இப்போது வீட்டைக் கவனியுங்கள். காலையில் தாத்தா காபி குடிக்கும்போது தனக்கொன்று, அதற்கொன்று என்று இரண்டு மூன்று குளுக்கோஸ் பிஸ்கட் இறங்கும். ஸ்கூலுக்குக் கிளம்பும் பேத்தி பிரெட்டின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடுவாள். கல் சரியாகக் காயாமல் பிய்ந்துபோன முதல் தோசை யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் சீரியல் நேரத்தில் முறுக்கு. சாயங்காலம் டீயோடு மறுபடி பிஸ்கட்.

ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் 20 முதல் 25 கலோரி இருக்கிறது. நாளுக்கு எட்டு என்று வைத்தால் பிஸ்கட்டிலேயே பாதி நாள் சாப்பாடு முடிந்தது. தோசையும் பிரெட்டும் முறுக்கும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ராத்திரி கிண்ணத்தில் அளந்து போட்ட உணவை அது மோந்துவிட்டுத் திரும்பினால், "காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல" என்று அம்மா கவலைப்படுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குப் போட்டதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தின்பண்டம் எதுவானாலும் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. நம் பாமரேனியனுக்கு அது ஒன்றரை பிஸ்கட்.

கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நாடகம் நடக்கிறது. கிண்ணத்தை வைக்கிறோம், நாய் தொடவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே ஒரு முட்டையை உடைத்துக் கலக்குகிறோம், சாப்பிடுகிறது. அடுத்த நாள் முட்டை போதவில்லை, இரண்டு ஈரல் துண்டு. அதற்கடுத்து கையில் எடுத்து ஊட்டினால்தான் ஆயிற்று. நாய் அசட்டுப் பிராணி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் மெனு மாறும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டது. யார் யாரைப் பழக்கியது என்று பார்த்தால், மதிப்பெண் நாய்க்குத்தான் போட வேண்டும்.

மாற்று வழி எளிமையானது. ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு நேரம் வைத்து இருவேளை சாப்பாடு. கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவதும் நாய்க்கு ஒரு கவனிப்புதான். பதினைந்து, இருபது நிமிஷம் கழித்து மிச்சம் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். பெரும்பாலான நாய்கள் ஒரு வேளை, மிஞ்சிப்போனால் இரண்டு வேளை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு வழிக்கு வந்துவிடும். இதில் சிக்கலே வீட்டு மனிதர்கள்தான். ஒருவர் மறைத்துக் கொடுத்தாலும் போயிற்று, யாரிடம் போய் நின்றால் கிடைக்கும் என்பது நாய்க்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் நாயைப் பழக்குவது ஒரு வாரம், தாத்தாவைப் பழக்குவது ஒரு வருஷம்.

குட்டிகளுக்கு இந்த முறை கூடாது. சின்ன இனக் குட்டிகளுக்குச் சாப்பாடு தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பிக்கும். தடுப்பூசி முடியாத குட்டி சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வளர்ந்த நாயானாலும், நேற்று வரை கிண்ணத்தைக் கவிழ்த்துத் தின்றது இன்று திடீரென்று வேண்டாம் என்றால் அதை அடம் என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சலின் மேல்தான் விழ வேண்டும். காது மடலைத் திருப்பிப் பாருங்கள். கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். மிளகு மாதிரி தட்டுப்பட்டால் உண்ணி. அது பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகள் ரத்தத்தில் புகுந்தால் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் என்று வரும். பசி போவது பெரும்பாலும் இவற்றுக்கு முன்னால் தெரிகிற அறிகுறி. ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம், சீக்கிரம் பிடித்தால் மருந்திலேயே பெரும்பாலும் சரியாகும்.

கத்திரி வெயில் நாட்களில் நாய் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு. காலை வேளையை ஆறு மணிக்கு முன்னாலும் ராத்திரி வேளையை எட்டு மணிக்குப் பின்னாலும் தள்ளி வைத்தால் போதும்.

மிச்சம் போய் பாக்கெட் வந்த கதை

நம் பாட்டிமார் காலத்தில், சாப்பிட மறுக்கும் நாயைப் பற்றிய பேச்சு அவ்வளவாக இல்லை. நாய்க்கென்று தனியாக எதுவும் சமைக்கவில்லை. மீந்ததைப் போட்டார்கள், அது போதாதென்று தெருவில் மேய்ந்தது. அடம் பிடிக்க வேண்டுமானால் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

நாய்க்குத் தனி உணவு என்பதைக் கடைச் சரக்காக்கியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த இவர், இடிதாங்கி விற்கும் வேலையாக லண்டனுக்குப் போனவர். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் கவ்வுவதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1860களில் கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்து அவர் சுட்டு விற்ற பிஸ்கட்டை முதலில் வாங்கியவர்கள் வேட்டைநாய் வளர்க்கும் கனவான்கள். பிஸ்கட்டோடு சேர்த்து இன்னொன்றையும் அந்தக் கம்பெனி விற்றது: வீட்டுச் சாப்பாடு நாய்க்கு ஆகாது என்ற எண்ணம். அங்கே வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்ற இளைஞர்தான் பிற்பாடு, 1891-இல், தன் பெயரிலேயே லண்டனில் நாய்க் கண்காட்சி நடத்தினார். இன்றுவரை உலகப் புகழோடு நடக்கும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் தொடக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறது.

1922-இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் டின் போய் உலர் உணவு தலையெடுத்தது. 1950களில் பியூரினா நிறுவனம், காலைச் சிற்றுண்டிக்கான தானியப் பொரியைத் தயாரிக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தை நாய் உணவுக்குத் திருப்பியது. தானிய மாவையும் இறைச்சித் தூளையும் நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தோடு ஒரு துளை வழியாகத் தள்ளினால் வெளியே வரும்போது பொரிந்து துண்டு துண்டாக விழும். இன்று கடையில் கிலோக் கணக்கில் விற்பது அதுதான்.

அப்படி விழும் துண்டை நாய்க்கு வெறுமனே போட்டால் பெரிதாகச் சீண்டாது. அதனால் கொழுப்பையும், கோழி ஈரல், குடல் போன்றவற்றை நொதி விட்டுக் கரைத்தெடுத்த ஒரு சாற்றையும் மேலே தெளிக்கிறார்கள். பூனை உணவுக்குப் பைரோபாஸ்பேட் என்ற உப்பு. பூனைகள் அதற்கு மயங்குவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த மேல்பூச்சைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. சோதனைக்கூடத்தில் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்து, நாய் முதலில் எதை மோந்தது, எதைக் கடித்தது, கடைசியில் எதில் எவ்வளவு தீர்ந்தது என்று எடைபோட்டுக் குறிப்பார்கள். துண்டுகளின் பச்சையும் சிவப்பும் மட்டும் நமக்காக. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவாகப் பிரியும். பச்சைத் துண்டில் கீரை இருக்கிறது என்று நம்புகிறவர் காசு கொடுக்கிறவர்.

வாசனை மேலே பூசியது என்று தெரிந்தால் ஒரு மர்மம் விடுபடும். பத்துக் கிலோ மூட்டை மலிவு என்று வாங்குகிறோம். முதல் வாரம் ஆவலாகத் தின்ற நாய் நாலாவது வாரம் முகத்தைத் திருப்புகிறது. "இந்த பிராண்ட் அலுத்துப்போச்சு போல" என்று வேறு மூட்டை வாங்குகிறோம், அதுவும் அதே கதை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் திறந்த மூட்டையின் கொழுப்பு காறிப்போய்விடும், பூசிய வாசனையும் பறந்துவிடும். நமக்குத் தெரியாத காறல் அதன் மூக்குக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவே வாங்கி, அதன் பையோடு மடித்து, மூடியிறுகும் டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சில கடைகளில் சாக்கைத் திறந்து வைத்து லூஸில் நிறுத்துத் தருகிறார்களே, அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வீட்டுச் சோறு பாவம் என்று ஸ்ப்ராட் காலத்திலிருந்து சொல்லிவந்த விளம்பரத்தையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி. நாய்களுக்கு நான்கு முதல் முப்பது வரை இருந்தது. மனிதனோடு வாழ வந்த நாய் அவனுடைய தானியத்துக்கும் தன் வயிற்றைப் பழக்கிக்கொண்டுவிட்டது. ஆகவே சோறு குற்றமில்லை. வெறும் சோறும் தயிரும்தான் போதாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேறு வழியில் வந்தாக வேண்டும். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பை ஊற்றிப் பிசைவது கூடவே கூடாது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம்.

பூனை வேறு ரகம்

நம் மடியில் சுருண்டு படுத்திருப்பது ஆப்பிரிக்க, மேற்காசியப் பாலைகளில் தனியாகத் திரிந்து எலி பிடித்த காட்டுப்பூனையின் வாரிசு. ஓர் எலியில் சுமார் 30 கலோரி. நாலு கிலோ பூனை அதை மட்டுமே தின்று பிழைக்க வேண்டுமானால் நாளுக்கு ஏழெட்டு எலி வேண்டும், அதாவது ஏழெட்டுச் சின்னச் சாப்பாடு. வீட்டில் நாம் காலை ஒரு தட்டு, ராத்திரி ஒரு தட்டு என்று குவித்து வைக்கிறோம். அது நாலு வாய் தின்றுவிட்டு நகர்கிறது. "பாதியில விட்டுட்டுப் போயிடுச்சு" என்கிறோம். பூனையைப் பொறுத்தவரை அது ஓர் எலி அளவு, முழுச் சாப்பாடு. அதே தட்டைப் பூனை அரை மணி நேரம் கழித்து வந்து மோந்தால், ஈரம் வற்றி மேலே ஆடை கட்டியிருக்கும், ஓரத்தில் எறும்பு வரிசை. இனி அதைத் தொடாது. நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பாருங்கள். மிச்சம் தானாகக் குறையும். தட்டைச் சுற்றித் தரையை முன்னங்காலால் பிறாண்டினால், சாப்பாடு பிடிக்காமல் அவமதிக்கிறது என்று வருத்தப்பட வேண்டாம். மீந்த இரையை மண்ணைத் தள்ளி மூடிவைக்கும் காட்டுப் பழக்கம் அது. மொசைக் தரையில் மண் வராது என்று அதற்கு யார் சொல்வது?

அதன் நாக்கும் நம்முடையதைப் போன்றதில்லை. பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியைத் தயாரிக்க வேண்டிய இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்திலேயே பழுதாகிக் கிடக்கிறது என்பதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டறிந்தார்கள். புலி, சிறுத்தை வரை அதே கதை. ஐஸ்கிரீமைப் பூனை நக்குகிறதே என்றால், அதை இழுப்பது கொழுப்பு, சர்க்கரை இல்லை. கசப்பு மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் மாத்திரையைத் துப்புகிறது. 2023-இல் இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிலையத்தினர், பூனை நாக்கின் பிரதான சுவை உமாமி, அதாவது இறைச்சிச்சாறு தரும் அந்தக் கனமான ருசி, என்று காட்டினார்கள். அந்த ஏற்பியைப் பலமாகத் தூண்டுவது இனோசினேட், ஹிஸ்டிடின் என்ற இரண்டின் கூட்டு. அது தூக்கலாக இருக்கும் மீன் டூனா, நம் ஊர்ச் சூரை. மத்திக்கும் அயிலைக்கும் பூனை காலைச் சுற்றுவதற்கும் ஹிஸ்டிடின் ஒரு காரணமாக இருக்கலாம். அதே ஹிஸ்டிடின்தான் ஐஸில் வைக்காத மீனில் ஹிஸ்டமைனாக மாறி நஞ்சாகிறது. சாயங்காலம் கடையைக் கட்டும்போது, "பூனைக்குத்தானே, எடுத்துட்டுப் போங்கம்மா" என்று கூறுகட்டித் தரும் மீனை மோந்துவிட்டு அது ஒதுங்கினால், பூனையின் பேச்சைக் கேளுங்கள்.

ருசியைவிடப் பெரியது வாசனை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்த மீனில் மணம் எழும்பாது. மணம் இல்லையென்றால் பூனைக்கு அது உணவாகவே படாது. பூனைகள் தம் உடம்புச் சூட்டுக்கு அருகில், அப்போதுதான் பிடித்த இரையின் சூட்டில் இருப்பதை விரும்புகின்றன. கிண்ணத்தை வெந்நீரில் உட்காரவைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் போதும். குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோலப் புறங்கையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சளி பிடித்து மூக்கு அடைத்த பூனை சாப்பிடாமல் கிடப்பதும் இதனால்தான். முதலில் மூக்கைத் துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும், தட்டு அப்புறம்.

குட்டியில் எதைத் தின்றதோ அதுதான் பூனைக்கு வாழ்நாள் முழுவதும் சாப்பாடு. தாய் எதைத் தின்றால் குட்டி அதைத் தின்னும். 1970களில் அமெரிக்காவில் வாண்டா விர்விக்கா என்ற ஆய்வாளர், தாய்ப்பூனைகளை வாழைப்பழம் தின்னப் பழக்கினார். பக்கத்தில் நல்ல இறைச்சி இருந்தும், குட்டிகள் அம்மாவைப் பார்த்து வாழைப்பழத்தையே தின்றன. மீன் தலையைத் தின்று, மீன் கழுவிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பூனையைத் தத்தெடுத்து, அதன் முன்னால் மொறுமொறுப்பான மீன் வடிவத் துண்டுகளைக் கொட்டினால், அது வெறித்துப் பார்ப்பதில் என்ன தப்பு? அதன் கண்ணுக்கு அது கூழாங்கல். உணவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதில் ஒரு சிட்டிகை புதியதைக் கலந்து, பத்து நாளில் பாதிக்குப் பாதி கொண்டுவரலாம். பிடிவாதக்காரப் பூனைக்கு ஒரு மாதம்கூட ஆகும். கலந்தாலே தட்டைப் புறக்கணிக்கும் பூனைகளுக்குப் புதியதைத் தனிச் சின்னத் தட்டில் பக்கத்தில் வைத்து, வெறும் அறிமுகமாகச் சில நாள் விட வேண்டும். இரண்டு மாதக் குட்டி வீட்டுக்கு வந்திருந்தால் இப்போதே மீன், கோழி, ஈரமானது, உலர்ந்தது எல்லாவற்றையும் கொஞ்சம் காட்டிவைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

தட்டு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது மலம் கழிக்கும் மண் தட்டுக்குப் பக்கத்தில் சாப்பாடு வைத்தால் எந்தப் பூனைக்கும் பிடிக்காது. வீட்டில் இன்னொரு பூனை இருந்து, அது தூரத்திலிருந்து முறைத்தாலே போதும், இது தட்டை விட்டுவிடும். மீசை இடிக்காத அகலத் தட்டு என்று விலையைக் கூட்டி விற்கிறார்கள். பரிசோதித்துப் பார்த்த ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் தட்டையான சாசர் போதும்.

பூனைக்குப் பிடித்த மீனுக்குள் மாத்திரையை ஒளித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955-இல் எலிகளிடம் காட்டிய உண்மை ஒன்று உண்டு: ஒன்றைத் தின்றபின் உடம்புக்கு முடியாமல் போனால், அந்தச் சுவையை விலங்கு நீண்ட நாள் மறக்காது, தொடாது. பூனை இதில் கெட்டிக்காரி. குமட்டலோடு கிடக்கும்போது அதற்கு மிகப் பிடித்த மீனைக் கொண்டுபோய் நீட்டினால், தேறிய பிறகு அந்த மீனையே வெறுத்துவிடும்.

பால் சோற்றுப் பூனை

பூனை என்றால் பால் என்று நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். குடித்தால் வயிறு கழியும். அதைவிடக் கவலை தருவது டாரின் என்ற சத்து. பூனை அதைத் தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற மருத்துவர் 1987-இல் இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். அப்போது கடையில் விற்ற பெரிய கம்பெனி உணவுகளிலேயே அது போதிய அளவு இருக்கவில்லை. அதன் பிறகுதான் எல்லோரும் கூட்டினார்கள்.

"எங்க பாட்டி வீட்டுப் பூனை பால் சோறு தின்னே பதினஞ்சு வருஷம் இருந்துச்சு" என்று யாராவது சொல்வார்கள். இருந்திருக்கும். அது ராத்திரி ஓட்டின் மேல் ஏறி எலியும் ஓணானும் அடித்துத் தன் டாரினைத் தானே பார்த்துக்கொண்டது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில், பால்கனிக்கு வலை அடித்த வீட்டில் வளரும் பூனைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. சைவ வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் சமைக்க மனம் வராவிட்டால் டாரின் சேர்த்த பாக்கெட் உணவையாவது கொடுக்கத்தான் வேண்டும். தயிர் சாதத்தைத் தின்னப் பழகிய பூனை நல்ல பிள்ளை இல்லை. மெல்லப் பார்வை போகும் பூனை.

வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. டாரின் தண்ணீரில் கரையும். மீனையோ கோழியையோ வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பிசைந்து கொடுங்கள். பாலைவனப் பிராணியான பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு, அந்த வகையிலும் இது நல்லது. நெத்திலி, மத்தி போன்றவற்றைப் பச்சையாகப் போடக் கூடாது. அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வெந்தால் அந்த நொதி செத்துவிடும். கோழி இதயம் கேட்டு வாங்குங்கள், டாரின் நிறைய. ஈரலை மட்டும் அளவோடு. தினமும் ஈரலே என்றால் வைட்டமின் ஏ கூடிக் கழுத்தெலும்பு இறுகிப்போகும்.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய நேரம்

கிளினிக்கில் அந்தப் பையனிடம் டாக்டர் நாட்களைக் கேட்டதன் காரணம் இது. பூனை சாப்பாட்டை நிறுத்தினால் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரலுக்கு அவ்வளவு கொழுப்பைக் கையாளும் திறன் கிடையாது. கொழுப்பு அங்கேயே படிந்து ஈரல் வேலைநிறுத்தம் செய்யும். ஈரல் கெட்டால் குமட்டும். குமட்டினால் பூனை இன்னும் சாப்பிடாது. இதற்கு ஹெபாடிக் லிப்பிடோசிஸ் என்று பெயர். மூன்று நாலு நாள் பட்டினியிலேயே தொடங்கிவிடலாம். ஒல்லிப் பூனையைவிடக் குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். "நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு, ரெண்டு நாள் சாப்பிடலைன்னா என்ன" என்பது நேர் தலைகீழான பேச்சு. காதின் உள்பக்கமும் ஈறும் மஞ்சள் பூத்திருந்தால் ஏற்கெனவே தாமதம்.

வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையென்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். குட்டிக்கு அரை நாளே அதிகம். டாக்டர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார். கலிசிவைரஸ் நாக்கில் புண்ணாக்கியிருக்கலாம், பல்லின் வேர் அரித்திருக்கலாம். பசியோடு தட்டுக்கு ஓடிவந்து, வாய் வைத்ததும் உதறிக்கொண்டு பின்வாங்கும் பூனைக்கு வாயில்தான் வலி. வயதானதென்றால் ரத்தத்தில் சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். சில சமயம் காரணம் சூட்கேஸாகக்கூட இருக்கும், வளர்த்தவர் ஊருக்குப் போயிருப்பார். டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருந்து பாராசிட்டமால் மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

சிரிஞ்சில் குழைத்து வாய்க்குள் பீய்ச்சுவதை வீட்டில் தொடர்ந்து செய்தால் நுரையீரலில் இறங்கும் அபாயம் உண்டு, உணவின் மேல் வெறுப்பும் கூடும். மருத்துவர்கள் முதலில் குமட்டலை நிறுத்துவார்கள். பிறகு பசியைத் தூண்ட மிர்டாசபின் தருவதுண்டு. மனிதர்களின் மனச்சோர்வுக்கான மருந்துதான், பூனையின் காது மடலில் தடவும் களிம்பாக அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்றது. அளவு பூனைக்குப் பூனை மாறும் என்பதால் மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வேலை இல்லை இது.

அதற்கும் மசியாவிட்டால் கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளையிட்டு உணவுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைப்பார்கள். இதைச் சொன்னதும் பலர் பூனையை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரைத் தேடிப் போய்விடுகிறார்கள். பார்க்கப் பயமாக இருப்பது நமக்குத்தான். வீட்டுக்கே அழைத்துப்போய், கரைத்த உணவை வேளைக்கு இத்தனை மில்லி என்று மெதுவாகத் தள்ளலாம், மருந்தையும் அதிலேயே தரலாம், வாயைப் பிளக்கும் சண்டை இல்லை. ஈரல் நோயில் தப்பிக்கும் பூனைகள் பெரும்பாலும் இப்படிச் சில வாரம் ஊட்டப்பட்டவை. டியூப் இருக்கும்போதே பூனையால் வாயாலும் சாப்பிட முடியும் என்பதால், தினமும் ஒரு சாசரில் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தானாகத் தின்று சில நாள் எடை குறையாமல் நின்றால் தையலைப் பிரித்து டியூபை உருவிவிடுவார்கள். துளை தானாகவே மூடிக்கொள்ளும்.